குடலில்லாத கோட்டு

அத்தியாயம் ஏழு

செத்தவன் கோட்டு என்று அதற்கு ஊரே பெயர் வைத்துவிட்டது. செத்தவன்தான் இன்னும் அகப்படவில்லை.

நீலத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு. முழங்கை இரண்டிலும் ஒட்டு. பக்கத்தில் ஒரு கால்சட்டை, ஒரு ஜோடி பச்சைக் கான்வாஸ் காலணி. போலீஸ் நிலைய மேசைமேல் அவை கிடந்த கிடப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள் துப்பறியும் அதிகாரி ஜியாங். இன்று பொழுது சாய்வதற்குள் இதெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். போய்விட்டால் கேஸும் கூடவே போய்விடும்.

கோட்டுக்குச் சொந்தக்காரன் லூ கேபிங். மாவ்தியென் மலையில் கல் பிளக்கிறவன். இலையுதிர் காலத்தில் ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அவன் தோண்டியெடுத்த கல் ஒன்றும் அன்றோடு காணவில்லை. பிறகு கொஞ்ச நாள் கழித்து ஃபூஷியான் ஏரிக்கரையில் ஒரு மீன்காரர் இந்தத் துணிகளைப் பார்த்தார். அழகாக மடித்து, காற்று தூக்காமலிருக்க மேலே ஒரு கூழாங்கல்லும் வைத்திருந்தது. அந்த ஏரி ஆழமானது. வாங்கியதைத் திருப்பித் தருகிற வழக்கம் அதற்குக் கிடையாது. உடம்பு கிடைக்காதவனுக்கு அவன் துணியைப் பெட்டியில் வைத்துப் புதைப்பது அந்தப் பக்கத்து முறை. துணியை அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு வா, கோப்பை மூடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

கதவு திறந்தது. முதலில் காற்று வந்தது, பின்னால் ஒரு தொப்பை, அதற்கும் பின்னால் துவான்.

"அக்கா, வண்டி ரெடி. வண்டிக்கு ஹீட்டர்தான் ரெடியில்ல. என் ஜாக்கெட் ஜிப்பும் போச்சு. ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே நாள்ல வேலைநிறுத்தம்."

துவான் முன்பு மினிபஸ் ஓட்டியவன். போலீஸில் ஓட்டுநராகச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஜியாங்குக்கு உதவியாளனாகிவிட்டான். வண்டிதான் மாறியது. வாய் இன்னும் அதே மினிபஸ்ஸில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இந்தக் கோட்டைப் புதைக்கிறதுக்குப் பதிலா எனக்குக் குடுத்தா லூவோட ஆத்மா குளிர்ந்துபோகும்."

"உன் வயித்துக்கு இது பத்தாது."

"வயிறு வெளிய நிக்கட்டும்க்கா, அது பழகிக்கும். முதுகுதான் பாவம்."

ஜியாங் சிரிக்கவில்லை. அவளுக்கு அவள் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கொக்கியில் கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கும். கணவனுடையது. வேலைக்கென்று தூரத்துக் குவாங்தோங் மாகாணம் போய் அங்கேயே இறந்துபோனார் என்றுதான் செங்ஜியாங் ஊர் முழுக்கத் தெரியும். தினம் காலையில் அதை உரசிக்கொண்டுதான் அவள் வெளியே வருவாள். கையால் தொட்டது கிடையாது.

"துவான், இங்க பாரு. மடிச்சிருக்கிற தினுசைப் பாரு."

கோட்டின் உள்துணி வெளியே தெரிந்தது. பொத்தான் பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது.

"மீன்காரர் பிரிக்கவேயில்லங்கிறார். கிடந்தது கிடந்தபடி தூக்கிட்டு வந்தேன்னு சத்தியம் பண்றார். நானும் பார்த்து முடிச்சதும் அதே மடிப்புல திருப்பி வச்சேன். யாருப்பா கோட்டை உள்பக்கம் வெளிய தெரிய மடிப்பாங்க?"

"என் மாமியார். அழுக்கு தெரியக் கூடாதுன்னு."

"உன் மாமியார் ஏரிக்கரைக்குப் போகல. வண்டியை எடு. போற வழியில புரொபசரைப் பார்க்கணும்."

* * *

மலையடிவாரத்தில் இருந்தது கல் ஆராய்ச்சி நிலையம். நிலையம் என்றால் இரண்டு அறையும் ஒரு கிடங்கும். சுற்றிலும் எல்லாம் மஞ்சள். மண் மஞ்சள், சுவர் மஞ்சள், வேலையாட்களின் புருவம் மஞ்சள். இந்த மலையில் அரை நாள் இருந்தால் எச்சில்கூட மஞ்சளாகத்தான் வரும்.

பேராசிரியர் ஹெங் ஒல்லியான மனிதர். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"கோட்டுக்குள்ள தேடினீங்களா? என் கல்லு இருந்துச்சா?"

"இல்ல புரொபசர்."

"அப்ப வித்துட்டான். சாகுறதுக்கு முன்னாடியே வித்துட்டான். திருட்டுப்பய."

"அப்படி என்னங்க கல்லு? தங்கமா?" என்றான் துவான்.

ஹெங் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை இழுத்து, மெல்லிய தாளைப் பிரித்தார். உள்ளங்கை அளவு மஞ்சள் கல். நடுவே துரு நிறத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் அச்சு. நசுங்கிய இறால் மாதிரி. தலையில் கவசம், கணுக்கணுவாக உடம்பு, ஓரத்தில் சீப்புப் பல்லாகக் கால்கள்.

"கணுக்காலி. இறால், நண்டு, பூரான், வண்டு, சிலந்தி, எல்லாத்துக்கும் முப்பாட்டன் வழி. ஐம்பத்திரண்டு கோடி வருஷம் ஆச்சு."

"இந்நேரம் பென்ஷன் வாங்கியிருக்குமே" என்றான் துவான்.

"துவான்" என்றாள் ஜியாங்.

"இல்லக்கா, மரியாதையாத்தான் சொன்னேன்."

ஹெங்குக்கு இப்போது கோபம் போய்விட்டிருந்தது. கல்லைப் பார்த்ததும் அவர் முகமே வேறாகிவிட்டது.

"இது உடம்பா, வெறும் ஓடா? அதுதாம்மா கேள்வி. ஓடு வளராது. உள்ள இருக்கிற உயிர் வளரும். வளர வளர ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வரணும். இன்னிக்கு நண்டு அதைத்தான் பண்ணுது. அந்தப் பழக்கம் இவ்வளவு பழசான்னு காட்ட இப்படி ஒரு கல்லு வேணும். நல்லாப் பாருங்க. செத்த உடம்புன்னா நடுவுல கறுப்பா ஒரு கோடு ஓடும். குடல். கடைசியாத் தின்ன சேறு அதுலயே நிக்கும். இதுல கோடு இருக்கா?"

ஜியாங் குனிந்து பார்த்தாள். "இல்ல."

"உள்ள ஆளில்ல. கழட்டிப் போட்டுட்டு உயிரோட போயிருக்கு."

"அப்ப விஷயம் முடிஞ்சுதே. காணாமப்போன அந்தக் கல்லு எதுக்கு?"

"கல்லு பிளந்தா அச்சும் ரெண்டாப் பிரியும். இது ஒரு முகம், அது எதிர்முகம், அடிப்பாறையோட சேர்ந்து ரெண்டு செங்கல் கனம். தலைக்கவசம் பிளந்து, உயிர் வெளியேறின வாசல் அந்தப் பாதியில இருக்கு, என் கண்ணால பார்த்திருக்கேன். அது கையில இல்லாம நான் என்ன எழுதினாலும், குடல் அழுகிப்போயிருக்கும்யா, போய் வேலையைப் பாருன்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க."

காற்று ஜன்னலைத் தட்டியது. ஜியாங் இன்னும் குனிந்தபடியே இருந்தாள்.

"வெளிய போனது எங்க போச்சு?"

"யாருக்குத் தெரியும்? ஓடு கழட்டின உடம்பு மெத்துன்னு இருக்கும். புது ஓடு இறுகுற வரைக்கும் எங்கேயாவது ஒளிஞ்சு கிடக்கும். அது நமக்குக் கிடைக்காதும்மா. விட்டுட்டுப் போனதுதான் நமக்குக் கிடைக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஜியாங்குக்குத்தான் எங்கோ குத்தியது.

ஹெங் கல்லைக் குப்புறப் புரட்டி, தாளில் வைத்து, நான்கு பக்கமும் மடித்தார். கிடங்கு முழுக்க அடுக்கடுக்காக அதேபோல் பொட்டலங்கள்.

"ஏன் குப்புற வைக்கிறீங்க?"

"முகம் உள்ள, முதுகு வெளிய. முகம் உரசினா நாசம். ரெண்டு பாதியும் இருந்தா முகத்தோட முகம் வச்சுக் கட்டுவோம். இந்த மலையில வேலை பார்த்தவங்க தூக்கத்துலகூட மாத்தி மடிக்க மாட்டாங்க. சந்தைக்குப் போனா முட்டைகோஸைக்கூட அப்படித்தான் மடிக்கிறாங்கன்னு என் சமையல்காரி சிரிப்பா."

ஜியாங் துவானைப் பார்த்தாள். துவான் ஜியாங்கைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் வாய் சும்மா இருந்தது.

* * *

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேடேறியது. பின்சீட்டில் துணி மூட்டை.

"புரிஞ்சுபோச்சுக்கா. கோட்டை மடிச்சது மீன்காரர் இல்ல, வழிப்போக்கன் இல்ல. மலைக்காரன் கை. லூவே மடிச்சு வச்சிருக்கான்."

"வண்டியை நிறுத்து."

"ஏன், தப்பா சொல்லிட்டேனா?"

"நிறுத்துப்பா. உன் பாக்கெட்டுல இருக்கிறதையெல்லாம் வெளிய எடு."

"அக்கா, எனக்குன்னு சில ரகசியங்கள் இருக்கு."

"எடு."

துவான் முனகிக்கொண்டே பையைக் கவிழ்த்தான். சூரியகாந்தி விதைத் தொலி ஒரு பிடி. பல்குத்தும் குச்சி. பாதி கடித்த மிளகாய் வறுவல் ஒன்று. கசங்கிய பேருந்துச் சீட்டு. சிகரெட் லைட்டர் இரண்டு. அதில் ஒன்று அவர்கள் மேலதிகாரியுடையது.

"இதை எங்கடா எடுத்த?"

"அதுவா வந்துச்சு."

"இது என்ன தெரியுமா? இது உன் குடல். நீ இப்ப ஏரியில குதிச்சா, கரையில கிடக்கிற உன் கோட்டுல இதெல்லாம் இருக்கும். லூ மூங்கில் குழாயில புகைக்கிறவன். கல்லு பிளக்கிற நேரம் போக மத்த நேரமெல்லாம் அது வாயிலதான் இருக்கும்னு ஊரே சொல்லுது. அவன் கோட்டுப் பையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சும்மா ஒண்ணுமில்ல இல்ல. ஒரு தூள் புகையிலைகூட இல்ல. தையல் இடுக்குல மஞ்சள் மண்ணுகூட இல்ல. நீயும் நானும் புரொபசர்கிட்ட கொஞ்ச நேரம் நின்னதுக்கே உன் காதுல மஞ்சள் ஒட்டியிருக்கு."

துவான் காதைத் துடைத்துக்கொண்டான். "அப்ப இந்தக் கோட்டுக்குள்ள யாரும் சாகல."

"யாரும் சாகல. கழட்டிப் போட்டது இது."

"சரியாப் போச்சு! கல்லை வித்துட்டு, செத்தவன் வேஷம் கட்டிட்டு, எங்கேயோ பட்டணத்துல உக்காந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கிட்டிருக்கான். நாம இங்க அவனுக்கு அழுதுக்கிட்டிருக்கோம். கேஸ் முடிஞ்சுது, வாங்க, ஏரிக்கரையில சட்டியில வெந்த மீன் சாப்பிடலாம்."

அவன் வண்டியைக் கிளப்பினான். ஜியாங் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் ஏமாற்றுகிறவன் பையில் இரண்டு சிட்டிகை புகையிலையை விட்டு வைப்பான். நம்ப வைக்கத்தானே வேஷம்? இங்கே பையைச் சுத்தம் செய்த கைக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. அதற்கு வேறு ஏதோ பழக்கம் இருந்தது.

* * *

லூ வீட்டு முற்றத்தில் புகை மண்டியது. வெட்டிய ஆடு பெரிய இரும்புச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்து மாறிமாறி மூங்கில் குழாயை உறிஞ்சினார்கள். குழாய்க்குள் தண்ணீர் குடுகுடுவென்று சத்தம் போட்டது. அந்தப் பக்கத்துச் சாவு வீட்டு முறைப்படி எட்டுக் கிண்ண விருந்து. செத்தவன் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், செத்தவனைத் தவிர.

லூவின் அண்ணன் எதிரே வந்தார். அகலமான மனிதர், கண்கள் சிவந்திருந்தன.

"குடுங்கம்மா. நல்லபடியா முடிச்சுடுறோம். திருடன் திருடன்னு அந்த ஹெங் சொல்லிட்டுத் திரியறார். என் தம்பி கல்லைத் தொடுற கையைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். இவனும் இவன் பொண்டாட்டியும் எதிரெதிரே உக்காந்துதான் வேலை. இவன் உளி வைப்பான், அவ வாங்கி மடிச்சுக் கட்டுவா. இத்தனை வருஷத்துல ஒரு முகம் உரசினது கிடையாது."

ஜியாங்கின் காது 'அவ மடிச்சுக் கட்டுவா' என்பதைப் பிடித்துக்கொண்டது.

லூவின் மனைவி குய்லியென் உள்ளேயிருந்து வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். அழுத முகமில்லை, ரொம்ப நாளாக யாரோடும் பேசாத முகம். ஜியாங்குக்கு அந்த முகம் தெரியும். தினம் காலையில் தலை சீவும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"உன் வீட்டுக்காரர் துணிம்மா."

குய்லியென் கோட்டை வாங்கினாள். வாங்கிய கை தானாகப் பையை வெளியே இழுத்தது. நகத்தால் ஓரத்தை ஒரு சுண்டு சுண்டியது. பையை உள்ளே தள்ளியது. மறுபக்கமும் அப்படியே. பிறகு கால்சட்டை. அவள் கண் அங்கே இல்லவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லருகே பல வருஷம் நின்ற கை அது. பையில் புகையிலை கிடந்தால் வாளித் தண்ணீர் முழுக்கப் பழுப்பாகிவிடும் என்று தெரிந்த கை.

ஜியாங்குக்குள் ஏதோ சத்தமில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தது.

குய்லியென் துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். மூடிய பெட்டி தயாராக இருந்தது.

பெட்டியைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். ஒருபக்கம் லூவின் அண்ணன். மறுபக்கம் ஆள் குறைந்ததால் துவான் தோள் கொடுத்தான். கொஞ்சதூரம் போனதுமே மூச்சு வாங்கினான்.

"அண்ணே, ஒரு கோட்டு, ஒரு காக்கிக் கால்சட்டை. இதுக்கு இந்தக் கனமா? உங்க தம்பி பாக்கெட்டுல மலையையா வச்சிருந்தார்?"

"துக்க வீட்டுல வாயை மூடிட்டு வாய்யா" என்றார் அண்ணன்.

பின்னால் வந்த ஜியாங், முன்னால் போன குய்லியெனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு ஒரு கணம் விறைத்து, மறுபடி நடந்தது.

* * *

குழி மேட்டில் வெட்டியிருந்தது. கீழே ஏரி தெரிந்தது. இத்தனை தூரத்திலும் நீலம் கண்ணைக் கூச வைத்தது. ஒரு படகு தனியாக நின்றது. போகிறதா வருகிறதா என்று தெரியவில்லை.

பெட்டியை இறக்கும்முன் மனைவி மூடியை விரல் நுழையும் அளவு திறந்து, புருஷன் பெயரைச் சொல்லி, வா, வந்து இதில் படுத்துக்கொள் என்று கூப்பிட வேண்டும். அலைகிற உயிர் அந்தக் குரலுக்கு வந்து துணியில் இறங்கும். அப்புறம்தான் ஆணி. யார் பெயரையும் விளையாட்டுக்குக்கூட அங்கே சொல்ல மாட்டார்கள். எங்கோ உயிரோடு இருக்கிறவனைக் குழி வாசலில் நின்று கூப்பிட்டால், அவன் உயிரும் வந்துவிடும். உடம்பு அங்கேயே வற்றிப்போகும்.

குய்லியென் மண்டியிட்டாள். மூடியைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள்.

காற்றுதான் கேட்டது.

"கூப்பிடும்மா" என்றார் அண்ணன்.

மறுபடி வாய் திறந்தது. பெயர் வரவில்லை. பெண்கள் சிலர் விசும்பினார்கள். பாவம், துக்கம் அடைக்குது என்றாள் ஒருத்தி.

துக்கம் அடைக்கவில்லை என்று ஜியாங்குக்குத் தெரிந்துவிட்டது. இவள் பயப்படுகிறாள். கூப்பிட்டால் அவன் செத்துவிடுவானோ என்று பயப்படுகிறாள்.

ஜியாங் முன்னால் வந்தாள். "போலீஸ் வேலை கொஞ்சம் பாக்கியிருக்கு. எல்லாரும் அந்தப் பைன் மரத்துக்கிட்ட போய் நில்லுங்க."

"இந்த நேரத்துலயா?" அண்ணன் சீறினார்.

"அண்ணே, வாங்க, ஒரு பீடி... இல்ல, குழாய் இழுக்கலாம்" என்று துவான் அவர் தோளில் கை போட்டு நகர்த்திக்கொண்டு போனான். "எங்கக்கா ஒரு தடவை முடிவு பண்ணிட்டா மந்திரியே வந்தாலும் மரத்துக்கிட்டதான் நிக்கணும்."

குழியருகே இருவர் மட்டும் ஆனார்கள். ஜியாங் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"எப்ப போனார்?"

குய்லியென் பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள்.

"கோட்டை நீ துவைச்சிருக்க. நீதான் மடிச்சிருக்க, முகம் உள்ள வச்சு. நீதான் ஏரிக்கரைக்குக் கொண்டுபோன. பெட்டிக்குள்ள கல்லும் இருக்கு. நான் எதையும் எழுதல. எப்ப போனார்னு மட்டும் கேட்கிறேன்."

குய்லியெனின் குரல் வந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"காலையில எந்திரிச்சேன். புதுச் சட்டை இல்ல. பை இல்ல. பழங்கோட்டு ஆணியில தொங்குது. அவரு படுக்கிற பக்கம் இந்தக் கல்லு இருந்துச்சு."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாத் தேவலையே. பேச்சே இல்லக்கா. எதிரெதிரே உக்காந்து அவரு பிளப்பாரு, நான் மடிப்பேன். வீட்டுக்கு வந்தா அவரு சாப்பிடுவாரு, நான் கழுவுவேன். இந்தக் கல்லு கிடைச்ச அன்னிக்கு மட்டும், பாத்தியா, உள்ள ஒண்ணுமில்ல, போயிருச்சுன்னு சிரிச்சாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவரு சிரிச்சதைப் பார்த்தேன். எனக்குக்கூட சந்தோஷமா இருந்துச்சு."

"கல்லைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே. திருடன்ங்கிற பேராவது போயிருக்கும்."

"எப்படி உன்கிட்ட வந்துச்சுன்னு கேப்பாங்க. சொல்லணும். வச்சுட்டுப் போயிட்டாருன்னு. என்னையும் அது மாதிரி வச்சுட்டுப் போயிட்டாருன்னு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புருஷன் செத்தவளுக்கு ஊருல நாலு பேரு கஞ்சி கொண்டுவந்து குடுப்பாங்க. விட்டுட்டுப் போனவளைப் பார்த்தா, இவகிட்ட என்ன குறையோன்னு குசுகுசுன்னு பேசுவாங்க. உங்களுக்குப் புரியாதுக்கா. உங்க வீட்டுக்காரரு குவாங்தோங்ல செத்துட்டாருன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

குய்லியென் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கீங்களா? செத்துட்டாரா?"

ஏரியில் அந்தப் படகு இன்னும் அங்கேயே நின்றது. ஜியாங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாரையும் அவள் பக்கத்தில் விட்டதில்லை.

"கல்லை மட்டும் குடு" என்றாள் கடைசியில். "கல்லு பிளக்கிற இடத்துக் குடிசையில கிடந்துச்சுன்னு புரொபசர்கிட்ட நான் குடுத்துக்கிறேன். மத்ததை நீ மூடிக்கோ. ஒரு பேரும் கூப்பிட வேண்டாம். நான் பார்க்கல."

குய்லியென் மூடியைத் திறந்தாள். கோட்டுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தாள். மெல்லிய தாள், கச்சிதமான மடிப்பு. ஜியாங் பிரித்தாள். அதே துரு நிறம். அதே சீப்புக் கால்கள். தலைக்கவசத்தின் முன்னால், ஹெங் சொன்னதுபோல், மெலிதாக ஒரு பிளவு. கதவைச் சத்தமில்லாமல் திறந்து போனது மாதிரி.

மூடியை மூடப்போன குய்லியென் நின்றாள். கோட்டையே பார்த்தாள். பிறகு அதை வெளியே எடுத்து உதறினாள். பட்டென்று சத்தம் வந்தது. பைன் மரத்தடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு கையை நுழைத்தாள், மறு கையை நுழைத்தாள், கழுத்துவரை பொத்தான் போட்டாள். தோள் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"நல்ல பஞ்சு. மண்ணுல போட மனசு வரல."

அவள் மரத்தடியை நோக்கி நடந்தாள். ஜியாங் தடுக்கவில்லை.

"மச்சான்" என்றாள் அண்ணனிடம். குரல் எல்லாருக்கும் கேட்டது. "உங்க தம்பி சாகல. என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. துணியை ஏரிக்கரையில வச்சது நான்தான். கல்லையும் அவரு திருடல. என்கிட்டதான் விட்டுட்டுப் போனாரு. போலீஸ்காரங்க கையில இருக்கு."

அண்ணன் குழியைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கிழவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்ப... அந்த ஆடு?"

"வெந்திருக்கும்" என்றாள் குய்லியென். "வந்து சாப்பிடுங்க."

அவள் முன்னால் இறங்கிப் போனாள். பிறகு ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பின்னால் போனாள். அப்புறம் இன்னொருத்தி. மற்றவர்கள் குழியையும் ஒருவர் முகத்தை ஒருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

* * *

ஹெங் கல்லின் இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் பொருத்தினார். எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"லூ அதைத் திருடல. வீட்டுல விட்டுட்டுத்தான் போயிருக்கார். அதை நீங்க வெளியிலயும் சொல்லணும், திருடன்னு சொன்ன அதே சத்தத்துல" என்றாள் ஜியாங். அவர் தலையாட்டினார். அதற்குள் அவர் பூதக்கண்ணாடிக்குள் போய்விட்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் துவானுக்குக் குளிர். பற்கள் அடித்துக்கொண்டன. ஜியாங் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"இரு" என்றாள் அவள்.

கதவைத் திறந்தாள். கொக்கியில் கறுப்புக் கோட்டு. தோளில் தூசி. கொஞ்சநேரம் எதிரே நின்றாள். பிறகு வலது பையில் கையை விட்டாள். இடது பையில் விட்டாள். உள்பையிலும் விட்டாள். ஒரு தொலி இல்லை, ஒரு துணுக்குத் தாள் இல்லை. போவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நிதானமாக, தேவையானது எதையும் விட்டுவிடாமல்.

கோட்டைக் கழற்றினாள். கொக்கியடியில் சுவர் மட்டும் ஒரு ஆள் அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

வண்டி ஜன்னல் வழியாக அதை உள்ளே திணித்தாள். "போட்டுக்க."

துவான் கோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாய் கோணியது, ஏதோ விகடம் வரப்போகிறது என்று அவள் நினைத்தாள். வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்து கேட்டா என்னக்கா சொல்றது?"

ஜியாங் அவனை உற்றுப் பார்த்தாள். மினிபஸ் ஓட்டியவன். அந்தக் காலத்தில் ஊரை விட்டுப் போனவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவன். இத்தனை வருஷமும் அவர் உயிரோடு போனதைத் தெரிந்துவைத்துக்கொண்டே மாமியாரையும் ஜிப்பையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

"தோள் சரியா இருக்கா பாரு" என்றாள்.

"வயித்துலதான் கொஞ்சம் பிடிக்குதுக்கா."

"வயிறு வெளிய நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.